அந்த சிலையோட முதுகை பாருங்க: பிரிட்டிஷ் மியூசியம் டிரஸ்டிகளுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

பசிபிக் கடல்ல இருக்கிற ஈஸ்டர் தீவுல இருந்து வந்த ஹோவா ஹக்கனனாயாங்கற கல் சிலை முன்னாடி நின்னு போட்டோ எடுத்துட்டு போறவங்கதான் நிறைய, நானும் முதல் தடவை அப்படித்தான் போனேன், ரெண்டாவது தடவைதான் பின்னாடி சுத்தி வந்தேன். இந்த மடலே அந்த முதுகுக்காகத்தான்.

முதுகு பூரா செதுக்கல். எதிரெதிரா ரெண்டு பறவை மனுஷங்க, மேல ஒரு குட்டிப் பறவை, சடங்குல பிடிக்கிற துடுப்பு. இதே பறவை மனுஷன் அந்த தீவுல ஓரோங்கோங்கற சடங்கு ஊர்ப் பாறைகள்ல நூத்துக்கணக்குல இருக்கான். ஒரு பக்கம் ரானோ காவு எரிமலைக் குழி, இன்னொரு பக்கம் செங்குத்தா கடல், எதிர்ல மோட்டு நூயிங்கற குட்டித் தீவு. அங்க வசந்தம் செப்டம்பர்லதான், அப்போ மனுத்தாரா பறவை முட்டை போட வரும், ஒவ்வொரு தலைவனுக்காகவும் ஒருத்தன் அந்த பாறையில இறங்கி நீந்திப் போய் காத்துக் கிடந்து முதல் முட்டையை கொண்டு வரணும், யாரோட ஆள் ஜெயிக்கிறானோ அந்த தலைவன்தான் அந்த வருஷத்து பறவை மனுஷன், மக்கேமக்கே தெய்வத்தோட ஆள்.

அந்த தீவுல காலத்தை வானத்தைப் பாத்துதான் கணக்கு வெச்சாங்க. நம்ம கார்த்திகை நட்சத்திரக் கூட்டம் அவங்களுக்கு மத்தாரிக்கி. தீவோட கிழக்குல போய்க்கேங்கற இடத்துப் பக்கம் 'நட்சத்திரம் பாக்குற பாறை'ன்னே ஒண்ணு இருக்கு, பக்கத்துல குழி குழியா செதுக்கின பாறை நட்சத்திரப் படம்னு 1914-15ல அங்க ஆராய்ச்சிக்குப் போயிருந்த கேத்தரின் ரௌட்லெட்ஜ் கிட்ட தீவுக்காரங்களே சொல்லியிருக்காங்க. பாறை, பறவை, வானம் எல்லாம் அங்க ஒண்ணோட ஒண்ணு சேந்ததுதான்.

அதுல ஒரு துண்டு மட்டும் லண்டன்ல கூரைக்கு கீழ நிக்குது. ஓரோங்கோல ஒரு கல் வீட்டுக்குள்ள பாதி புதைஞ்சு இருந்ததை 1868ல டோப்பாஸ்ங்கற பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல்காரங்க தோண்டி எடுத்தாங்க, அப்போ முதுகுல சிவப்பும் வெள்ளையும் சாயம் இருந்துச்சு, கப்பலுக்கு மிதக்க விட்டு கொண்டு போறப்போவே அது கரைஞ்சு போச்சு. எனக்கு இதை படிச்சப்போ நெஞ்சு அடைச்சது.

2018ல தீவோட கவர்னரே நேர்ல வந்து சிலையைத் திருப்பிக் கேட்டாங்க, பதிலுக்கு ஒரு நகல் செதுக்கித் தர்றோம்னு கூட சொன்னாங்க. உங்க மியூசியத்துக்கான 1963 சட்டம் நிரந்தரமா கொடுக்கத்தான் தடை, இரவல் கொடுக்க தடை இல்லையே. அப்படியாவது அனுப்புங்க, எந்த தேதின்னு அந்த மக்கள்கிட்ட முதல்ல சொல்லுங்க.