ஊசியைக் கண்டு மயங்குவது கோழைத்தனம் இல்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

ரத்ததான முகாம், தடுப்பூசி முகாம் பற்றியெல்லாம் நிறைய எழுதுகிறீர்கள். ஊசியைக் கண்டதும் மயங்கி விழுகிறவர்களைப் பற்றியும் ஒருமுறை எழுதுங்கள். லேபில் ரத்தம் எடுக்கும் வேலை பார்த்தவன் என்பதால் கேட்கிறேன்.

கையில் ரப்பர் பட்டையைக் கட்டியதுமே உதடு வெளுத்து, நெற்றியில் வியர்வை அரும்பி, "தண்ணி குடுங்க சார்" என்று சொல்லி முடிப்பதற்குள் சாய்ந்துவிடுவார்கள். கூட வந்தவரோ "இவ்வளவு பெரிய ஆளு, ஊசிக்குப் போய் பயப்படுறியே" என்று எல்லார் முன்னாலும் திட்டுவார். எனக்கு அதைக் கேட்கவே கஷ்டமாக இருக்கும். பல்லி பயம், உயரப் பயம் என்றால் நெஞ்சு படபடத்து பிரஷர் ஏறும், அதில் மயக்கம் வருவது அபூர்வம். ரத்தம், ஊசி பயத்தில் மட்டும் முதலில் ஏறுகிற பிரஷர் சட்டென்று இறங்கி, நாடித்துடிப்பும் குறைந்து, மூளைக்குப் போதுமான ரத்தம் போகாமல் ஆள் விழுகிறார். இதில் கோழைத்தனம் எங்கே வந்தது? குடும்பத்தில் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ இருந்து பிள்ளைக்கும் வருவதுண்டு. சின்ன வயதில் நாலு பேர் கைகாலை அமுக்கிப் பிடித்து ஊசி போட்டதிலிருந்து ஆரம்பித்தவர்களும் உண்டு. பயந்து தள்ளிப்போடும் ஒவ்வொரு முறையும் அப்போதைக்கு நிம்மதி கிடைக்கிறதே, அந்த நிம்மதிதான் பயத்தை இன்னும் வளர்க்கிறது.

மயக்கம் வருகிறவரிடம் "உடம்பைத் தளர விடு" என்று சொல்வது பொருந்தாத யோசனை, பிரஷர் இன்னும் இறங்கத்தான் அது உதவும். ஸ்வீடன் உளவியலாளர் லார்ஸ்-யோரான் ஓஸ்ட் 1980களில் இதற்கு நேர்மாறான பயிற்சியைக் கொடுத்தார். கை, கால், வயிற்றுத் தசைகளை 10 முதல் 15 விநாடி, முகம் சூடாவது தெரியும்வரை இறுக்க வேண்டும், அப்புறம் 20, 30 விநாடி சாதாரணமாக விட வேண்டும், இப்படி 5 முறை. ஊசி போடும் கையை மட்டும் குத்தும் நேரத்தில் தளர்வாக வைத்தால் போதும். இதோடு ஊசியின் படத்தைப் பார்ப்பது, சிரிஞ்சைக் கையில் பிடிப்பது, இன்னொருவருக்குப் போடும்போது பக்கத்தில் நிற்பது என்று படிப்படியாகப் பழக்கினால் பெரும்பாலானவர்களுக்குப் பயம் நன்றாகக் குறையும். மாத்திரையை மட்டும் நம்பி இருக்க வேண்டியதில்லை.

இந்தப் பயத்தால் இன்சுலின் போடாமல் நாள் கடத்துகிற சர்க்கரை நோயாளிகளை நினைத்தால்தான் எனக்கு வருத்தம். அவர்கள் 14416 என்ற, அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் இலவசமாகப் பேசலாம். முகாம் நடத்துகிறவர்களும் "இதுக்கு முன்னாடி மயக்கம் வந்திருக்கா?" என்று முதலிலேயே கேட்டு, ஆமாம் என்றால் படுக்க வைத்தே ஊசி போட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற லேப் டெக்னீஷியன்,
திண்டுக்கல்.