ஊர்ச் சண்டைகள் நம் குழுக்களுக்குள் வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இந்தியாவில் நடக்கும் சமயச் சச்சரவுகளைப் பற்றிய காணொளிகள் இங்கே சிங்கப்பூரில் உள்ள தமிழர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் தாராளமாக வலம் வருவதைக் கவலையோடு கவனித்து வருகிறேன். அவற்றை அனுப்புகிறவர்கள் முன்பின் தெரியாதவர்கள் அல்லர். உறவினர்கள், உடன் பணியாற்றியவர்கள், நம்மிடம் படித்தவர்கள். அண்மையில் என் பழைய மாணவர்களின் குழு ஒன்றில் வந்த காணொளியில் எந்த ஊர், எந்த ஆண்டு என்ற விவரம் எதுவும் இல்லை. ஒரு கும்பல் தெருவில் ஓடுகிறது. பின்னணியில் ஒருவர் ஒரு சமயத்தாரை ஆவேசமாக ஏசுகிறார். அடியில், எல்லாருக்கும் பகிரும்படி ஒரு வேண்டுகோள். சில நிமிடங்களுக்குள் நான்கைந்து பேர் அதை ஆமோதித்துவிட்டார்கள். ஏசப்பட்ட சமயத்தைச் சேர்ந்தவர்களும் அதே குழுவில் இருக்கிறார்கள். அவர்கள் மறுத்து ஒரு வார்த்தையும் எழுதவில்லை. ஒருவர் மட்டும் அன்றிரவே குழுவிலிருந்து விலகிக்கொண்டார்.

இதைச் சிறிய விஷயமென்று ஒதுக்கிவிட நம் நாட்டின் அனுபவம் இடம் தரவில்லை. 1984இல் புதுடெல்லியில் இந்திரா காந்தி கொல்லப்பட்டதை அடுத்து, இங்கே சிங்கப்பூரில் இந்துக்களுக்கும் சீக்கியர்களுக்கும் இடையே பதற்றம் எழுந்தது. கைப்பேசியே இல்லாத அந்தக் காலத்தில் நேர்ந்த அதை, சமய நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டத்துக்கு முன்னோடியாக 1989இல் வெளிவந்த வெள்ளை அறிக்கை பதிவு செய்திருக்கிறது. 2020 டிசம்பரில் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் தடுத்துவைக்கப்பட்ட 16 வயது மாணவரோ, நியூசிலாந்தின் கிரைஸ்ட்சர்ச் பள்ளிவாசல்களில் நடந்த படுகொலையின் காணொளியைப் பார்த்து, தன் வீட்டருகே இருந்த இரண்டு பள்ளிவாசல்களைத் தாக்கத் திட்டமிட்டவர். அவர் இந்திய இனத்தைச் சேர்ந்தவர் என்ற செய்தியைப் படித்த அன்று எனக்கு ஏற்பட்ட வேதனை இன்னும் ஆறவில்லை.

நம் அரசாங்கம் எந்தச் சமயத்தையும் சாராதது. தம் சமயத்தைப் பின்பற்றவும் பரப்பவும் ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவு. சமயங்களுக்கிடையே பகைமூட்டுவோருக்குத் தடையாணை பிறப்பிக்க 1990இல் நிறைவேறிய சமய நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டம் வழிசெய்கிறது. சமய அமைப்புகளில் வெளிநாட்டுச் செல்வாக்கைக் கட்டுப்படுத்தும் விதிகளும் 2019இல் அதில் சேர்க்கப்பட்டன. ஆனால், அண்ணன் தம்பிகளும் நண்பர்களும் மட்டுமே இருக்கும் ஒரு குழுவில் இரவு பதினொரு மணிக்கு வந்து விழும் காணொளியை எந்தச் சட்டமும் உடனுக்குடன் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அங்கே பொறுப்பு முழுக்க முழுக்க நம்முடையது.

தமிழர்களாகிய நமக்கு இந்தப் பொறுப்பு மற்றவர்களைவிட ஒரு படி கூடுதல் என்றே கருதுகிறேன். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இங்கு வசிக்கும் 15 வயதுக்கு மேற்பட்ட இந்தியர்களில் ஏறத்தாழ 57 விழுக்காட்டினர் இந்துக்கள், 23 விழுக்காட்டினர் முஸ்லிம்கள், 13 விழுக்காட்டினர் கிறிஸ்தவர்கள். பள்ளியில் தமிழ்ப் பாடவேளை வந்ததும் வெவ்வேறு வகுப்புகளிலிருந்து ஓரறைக்குள் வந்து சேரும் பிள்ளைகளிடம் இந்தக் கணக்கை நான் ஆண்டுதோறும் கண்ணாரக் கண்டேன். நெற்றியில் திருநீறு இட்ட மாணவனும், நோன்பு வைத்திருந்த மாணவியும், ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் தமிழில் பாடும் மாணவியும் ஒரே குறளைச் சேர்ந்து ஒப்பித்தார்கள். இந்த ஒற்றுமை தானாக அமைந்துவிடவில்லை. தமிழ் முரசைத் தோற்றுவித்த தமிழவேள் கோ. சாரங்கபாணி 1952இல் தமிழர் திருநாளைத் தொடங்கியபோது, சமய வேறுபாடின்றித் தமிழர் அனைவரும் கூடும் விழாவாகவே அதை அமைத்தார். அதற்கு முன்பே, 1946இல், சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் ஒரு தமிழ்ப் பள்ளியை நிறுவி, அதற்குச் சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவரின் பெயரைச் சூட்டியது. 1982இல் அந்தப் பள்ளி மூடப்பட்டாலும், இன்று எல்லாச் சமயத்துப் பிள்ளைகளும் தமிழ் பயிலும் உமறுப்புலவர் தமிழ்மொழி நிலையத்தில் அந்தப் பெயர் நிலைத்திருக்கிறது. இவ்வளவு பாடுபட்டுச் சேர்த்து வைத்ததை, விரல் நுனியில் பகிரும் ஒரு காணொளிக்காக நாம் இழக்கலாமா?

பிறந்த ஊரைப் பற்றியோ பெற்றோரின் ஊரைப் பற்றியோ அக்கறை கொள்ளக் கூடாது என்று நான் சொல்லவில்லை. அங்கே அநீதி நடந்தால் மனம் பதறுவது இயல்பு. அதைச் செய்தியாகப் படிக்கலாம், பேசலாம், வருந்தலாம். ஆனால் ஊர்ச் செய்தி வேறு, ஒரு சமயத்தார் அனைவரையும் பகைவராகக் காட்டும் தூண்டுதல் வேறு. அப்படிப்பட்ட ஒன்று வந்தால், குழுவை நடத்துபவர் அதை நீக்கிவிட்டு, அனுப்பியவரைத் தனியே அழைத்துப் பேச வேண்டும். எல்லார் முன்னிலையிலும் கண்டித்தால் வீம்புதான் வளரும். நெருங்கிய உறவினர் என்பதற்காகப் பேசாமல் இருந்துவிடுவது அதைவிடத் தீங்கானது. நம் மௌனத்தைச் சம்மதம் என்றே அவர் எடுத்துக்கொள்வார். புண்பட்டவரும் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்.

தமிழ் அமைப்புகளுக்கும் ஒரு வேண்டுகோள். பொங்கலுக்கும் ஏப்ரல் மாதத் தமிழ் மொழி விழாவுக்கும் நிகழ்ச்சி வகுக்கும்போது, ஏற்பாட்டுக் குழுவிலேயே மூன்று சமயத்தாரும் இருக்கட்டும். மேடையில் பொன்னாடை போர்த்த மட்டும் அழைப்பது போதாது. விருந்தில் ஹலால் உணவும் சைவ உணவும் தனித்தனியாக இருக்கட்டும். நிகழ்ச்சி நேரம் வெள்ளிக்கிழமைத் தொழுகையோடும் ஞாயிறு காலை ஆராதனையோடும் மோதாமல் இருக்கட்டும். இவற்றுக்குப் பெரிய செலவு ஒன்றும் ஆகாது. அடுத்த நிகழ்ச்சிக்கான முதல் கூட்டத்திலேயே இதைப் பேசி முடிவெடுக்குமாறு அவற்றின் தலைவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
ஈசூன், சிங்கப்பூர்