சிலிக்கன் உணரிகளுக்குக் கொழும்பில் ஒரு மேசை

இலங்கை அணுசக்திச் சபையினருக்கும் கொழும்புப் பல்கலைக்கழக அணு விஞ்ஞானத் துறையினருக்கும்,

வணக்கம். வெள்ளவத்தையில் உயர்தர மாணவருக்குப் பௌதிகவியல் கற்பிக்கிறேன். அவர்களில் சிலர் உங்கள் விரிவுரைகளில் வந்து அமர்கிறார்கள். அந்த உரிமையில் ஒரு விண்ணப்பம்: மருத்துவப் படிமங்களுக்காக எக்ஸ்-கதிர்களைப் பிடித்து மின்சைகையாக மாற்றும் சிலிக்கன் கதிர்வீச்சு உணரிகளைச் சோதிக்கவும், அவற்றுக்கான மின்சுற்றுகளை வடிவமைக்கவும் கொழும்பில் ஒரு சிறிய பொது ஆய்வுகூடத்தை அமையுங்கள்.

சிலிக்கன் தகட்டையே இங்கு வார்க்கச் சொல்லவில்லை. அதற்கான தொழிற்சாலை இப்போதைக்கு நம் கைக்கு எட்டாது; எட்டும் என்று மேடையில் முழங்குபவர்களை நான் நம்புவதுமில்லை. ஆனால் உணரி என்பது தகடு மட்டுமா? சிலிக்கனில் ஒரு போட்டோன், அதாவது கதிரின் ஒரு சக்திப் பொட்டலம், உறிஞ்சப்படும்போது, அதன் சக்தியில் ஏறத்தாழ 3.6 இலத்திரன்வோல்ற்றுக்கு (அணு அளவிலான சக்தி அலகு) ஒன்று என்ற கணக்கில், மின்னேற்றம் சுமக்கும் இலத்திரன்-துளைச் சோடிகள் பிறக்கின்றன. அமெரிசியம்-241 என்ற கதிரியக்கப் பொருள் தரும் 60 கிலோ இலத்திரன்வோல்ற்றுக் கதிர் என்றால் சுமார் 16,500 சோடிகள். அந்த மின்னேற்றத்தை அதன் அலகான கூலோமில் எழுதினால் தசமப் புள்ளிக்குப் பின் பதினான்கு பூச்சியங்கள் போட வேண்டும். இரைச்சலுக்குள் புதைந்துபோகும் அந்தச் சொற்பத்தைப் பிரித்தெடுக்கும் பெருக்கியைக் கட்டுவதுதான் வேலையில் பாதி. அதற்குத் தொழிற்சாலை தேவையில்லை.

சிலிக்கனின் பலவீனமும் நமக்குத் தெரிந்ததே. அதன் அணுவெண் 14 மட்டுமே; ஆகவே சக்தி கூடிய எக்ஸ்-கதிர்கள் பெரும்பாலும் அதில் அகப்படாமல் ஊடுருவிப் போய்விடும். 300 மைக்ரோமீற்றர் தடிப்பான தகட்டின்மீது 60 கிலோ இலத்திரன்வோல்ற்றுப் போட்டோன்கள் நூறு விழுந்தால், இரண்டு மூன்றுதான் அகப்படும். 20 கிலோ இலத்திரன்வோல்ற்றில் கால்பங்குக்கு மேல் பிடிபடும். ஆகவே மார்பகப் படமெடுப்புக்குச் சிலிக்கன் பொருந்தியது. சீ.ரீ. ஸ்கேனுக்கோ, ஸ்ரொக்ஹோம் ஆய்வாளர்கள் வெற்றிலைக் கட்டை நிமிர்த்தி வைப்பதுபோலத் தகடுகளை விளிம்பில் நிறுத்தினார்கள். கதிர் இப்போது தடிப்பை அல்ல, சில சென்ரிமீற்றர் நீளத்தைக் கடக்க வேண்டும். புதுப் பொருள் எதுவும் இல்லை, தகட்டைத் திருப்பி வைத்ததுதான். இப்படி யோசிக்கக்கூடிய பிள்ளைகள் நம்மிடமும் இருக்கிறார்கள்.

2017 இல் இலங்கை, ஐரோப்பிய அணு ஆராய்ச்சி நிறுவனமான சேர்னுடன் (CERN) ஒத்துழைப்பு உடன்படிக்கை செய்துகொண்டது. துகள் பௌதிகத்துக்காக அங்கே வளர்ந்த தொழில்நுட்பத்திலிருந்துதான் போட்டோன்களை ஒவ்வொன்றாக எண்ணும் மெடிபிக்ஸ் என்ற இலத்திரனியல் சில்லுகள் மருத்துவத்துக்கு வந்தன. அந்தச் சில்லைக் கொண்டு நியூசிலாந்துக் குழு ஒன்று 2018 இல் மனித உடலின் முப்பரிமாண வண்ண எக்ஸ்-கதிர்ப் படத்தை வெளியிட்டது. அவர்கள் சில்லை வார்க்கவில்லை. அதைச் சுற்றி ஒரு ஸ்கேனரைக் கட்டினார்கள். கோடிக்கணக்கில் செலவிட்டு இயந்திரத்தை வாங்கி, அது பழுதானால் வெளிநாட்டுப் பொறியியலாளருக்காகக் காத்திருக்கும் நமக்கு இதைவிடத் தெளிவான வழிகாட்டல் வேண்டுமா?

அலுமினியப் பெட்டியும் வடங்களும் புறக்கோட்டை முதலாம் குறுக்குத்தெருவிலேயே கிடைக்கும். கிடைக்காதவை இரண்டு. ஒன்று, தலைமயிரிலும் மெல்லிய அலுமினியக் கம்பியால் உணரியைச் சுற்றோடு இணைக்கும் இயந்திரம். மற்றது, உணரியைச் சோதிக்க வேண்டிய, அனுமதிப்பத்திரம் உள்ள கதிர்வீச்சுப் பொருள்; அதை என்னைப் போன்ற ஓர் ஆசிரியர் வைத்திருக்க முடியாது, வைத்திருக்கவும் கூடாது. இரண்டையும் ஒருகொடவத்தையிலுள்ள அணுசக்திச் சபை வளாகத்தில் உங்கள் பொறுப்பிலேயே வைத்துக்கொண்டு, மாதத்தில் இரண்டு சனிக்கிழமைகளாவது பட்டதாரி மாணவருக்குத் திறந்துவிடுங்கள். செய்முறைக் குறிப்புகளைத் தமிழிலும் தாருங்கள். மொழிபெயர்க்க ஆள் இல்லையென்றால் கூலியின்றி நான் செய்து தருகிறேன்.

இங்ஙனம்,
பௌதிகவியல் ஆசிரியர் ஒருவர்,
வெள்ளவத்தை