சவுனா அறையில் வழிகாட்ட ஆளில்லாமல் விட்டதும் கதவு அடைபட்டதும் குறித்துப் புகார்

பெறுநர்
மேலாளர்,
உடல்நல மையம்,
நாகர்கோவில்.

மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். நான் தக்கலையில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை, வயது 61. கடந்த சனிக்கிழமை காலை 11 மணிக்கு உங்கள் மையத்தின் சவுனா (வறண்ட சூட்டில் வியர்க்க உட்காரும்) அறைக்குள் முதன்முறையாகப் போனேன். முழங்கால் வலிக்கு இதமாக இருக்கும் என்று என் மகள் 1,800 ரூபாய் கட்டிப் பதிவு செய்து தந்திருந்தாள்.

வரவேற்பில் இருந்த பெண்ணிடம் "எனக்கு இது முதல் தடவை" என்று இரண்டு முறை சொன்னேன். பெயர், தொலைபேசி எண், கையெழுத்து ஆகிய மூன்றும்தான் அவருக்குத் தேவைப்பட்டன. உயர் ரத்த அழுத்தத்துக்கு நான் தினமும் மாத்திரை சாப்பிடுகிறேன். அதை அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மறைத்திருக்க மாட்டேன். "சும்மா உட்கார்ந்திருந்தால் போதும்" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டார்.

உள்ளே மரத்தில் இரண்டு படிகள். கீழ்ப்படி ஈரமாக இருந்ததால் மேல்படியில் உட்கார்ந்தேன். வெப்பம் மேலேதான் சேரும், புதிதாக வருபவர் கீழ்ப்படியில் தொடங்கவேண்டும் என்பதை யார் சொல்லியிருக்கவேண்டும்? வெளியே பலகையில் 90 டிகிரி என்று ஒளிர்ந்தது. உள்ளே இருந்த வெப்பமானியின் முள்ளோ 20-ஐ விட்டு நகரவே இல்லை. சுவரில் ஒரு மணற்கடிகாரம் இருந்தது. அதைக் கவிழ்த்துவிட்டு உட்காரவேண்டும், முதல் தடவை ஐந்து முதல் பத்து நிமிடத்துக்குமேல் இருக்கக்கூடாது என்பதெல்லாம் வீட்டுக்கு வந்தபிறகு என் மகள் படித்துச் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

முதல் சில நிமிடங்கள் நன்றாகவே இருந்தன என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். கடற்காற்றில் வளர்ந்த எங்களுக்கு வியர்வை புதிதல்ல. இந்த வறண்ட சூடுதான் புதிது. மூக்கின் உட்புறம் காய்ந்தது, முழங்காலின் இறுக்கம் தளர்ந்தது. அதன்பிறகு கழுத்தில் சுரீரென்று ஏதோ கடித்ததுபோல் இருந்தது. எறும்பு என்று நினைத்துத் தட்டினேன். தாலிச் சங்கிலி! உலோகம் அந்தச் சூட்டில் காய்ந்து தோலைச் சுடும் என்று, நகைகளைக் கழற்றி வைக்கச் சொல்ல ஒரே ஒரு வாக்கியம் போதுமே. நம் ஊரில் தாலிச் சங்கிலியோடு வரும் பெண்களை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள் அல்லவா?

மூலையில் அடுப்பின்மேல் கற்களும், பக்கத்தில் வாளியும் மர அகப்பையும் இருந்தன. சுவரிலிருந்த படத்தில் ஒருவர் கல்மேல் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். சூடு தணியும் என்று நம்பி மூன்று அகப்பை ஊற்றினேன். குப்பென்று எழுந்த ஆவி முகத்தில் அறைந்தது. வறண்ட காற்றில் வியர்வை உலர்வதால்தான் அவ்வளவு சூட்டையும் உடல் தாங்குகிறது. காற்றில் ஈரம் ஏறினால் வியர்வை உலராது. அந்த ஆவியே தோலில் படிந்து இன்னும் சுடும். எனக்கு மூச்சு முட்டியது. சட்டென்று எழுந்தேன், தலை சுற்றியது, கதவைத் தள்ளினேன். திறக்கவில்லை.

வெளிப்புறமாகத் திறக்கும் அந்தக் கதவை ஒட்டித் துண்டுகள் அடுக்கிய தள்ளுவண்டியை உங்கள் ஊழியர்கள் நிறுத்தியிருந்தார்கள். உள்ளே அழைப்புமணி கிடையாது. கதவைத் தட்டிக் கத்தினேன். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. பேரப்பிள்ளைகளின் முகம் நினைவுக்கு வந்தது என்பதை மட்டும் சொல்கிறேன். வண்டியை இழுத்து என்னை வெளியே கொண்டுவந்தவர் உங்கள் ஊழியர் அல்ல. மார்த்தாண்டத்திலிருந்து வந்திருந்த இன்னொரு வாடிக்கையாளர். அந்தப் பெண்தான் என்னைத் தரையில் படுக்கவைத்து, தண்ணீர் கொடுத்து, என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

சிறுவயதில் சளி பிடித்தால் அம்மா நொச்சி இலை போட்டு வேது பிடிக்க வைப்பார். போர்வைக்குள் நான், போர்வைக்கு வெளியே அம்மா. "போதுமா, மூச்சு முட்டுகிறதா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். எங்கள் பக்கத்தில் யாரையும் தனியாகச் சூட்டில் உட்காரவைக்கும் வழக்கம் இல்லை. பின்லாந்தின் சவுனாப் பண்பாட்டை 2020-இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது என்று உங்கள் முகப்பில் எழுதி மாட்டியிருக்கிறீர்கள். அந்த நாட்டுக் குழந்தைகள் பெற்றோரின் பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பழகுகிறார்கள். நீங்கள் அங்கிருந்து அடுப்பையும் கல்லையும் கொண்டுவந்தீர்கள். பக்கத்தில் இருக்கவேண்டிய ஆளைக் கொண்டுவரவில்லை.

அன்று மாலை மருத்துவர் பார்த்தபோது என் ரத்த அழுத்தம் மிகவும் இறங்கியிருந்தது. கழுத்தில் சங்கிலி பட்ட இடம் கொப்பளித்து, இப்போது கறுத்திருக்கிறது. இதைச் சொல்ல மறுநாள் தொலைபேசியில் அழைத்தபோது, "நீங்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள், பணம் திரும்பக் கிடைக்காது" என்ற பதில் மட்டுமே வந்தது. நலமா என்று ஒருவரும் கேட்கவில்லை.

என் மகள் கட்டிய 1,800 ரூபாயையும், மருத்துவச் செலவு 940 ரூபாயையும் திருப்பித் தாருங்கள். நடந்ததற்கு எழுத்தில் வருத்தம் தெரிவியுங்கள். உள்ளே அழைப்புமணி பொருத்துங்கள், வெப்பமானியை மாற்றுங்கள். யார் போகக்கூடாது, எவ்வளவு நேரம் இருக்கலாம், எதைக் கழற்றவேண்டும் என்பதைத் தமிழில் பெரிய எழுத்தில் கதவருகே எழுதி வையுங்கள். முதல் தடவை வருபவர் வெளியே வரும்வரை ஓர் ஊழியர் கதவருகே நிற்கட்டும். 15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால், 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, சேவைக் குறைபாட்டுக்காக நாகர்கோவிலிலுள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுப்பேன்.

ரசீது, மருத்துவரின் சீட்டு, கழுத்துக் காயத்தின் புகைப்படம் ஆகியவற்றின் நகல்களை இணைத்திருக்கிறேன்.

மற்றவற்றுக்கு 15 நாள் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தத் தள்ளுவண்டியைக் கதவருகிலிருந்து இன்றே அகற்றிவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
தக்கலை.