கான்ஸ்டபிளின் கடிதங்களுக்குத் துணை நின்றோர்க்கு

ஆங்கிலேய நிலக்காட்சி ஓவியர் ஜான் கான்ஸ்டபிளின் கடிதங்களைப் பற்றிய என் நூல் அச்சுக்குச் செல்லும் இவ்வேளையில், அதற்குத் துணை நின்ற ஒவ்வொருவருக்கும் மனமார்ந்த நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

ஆர். பி. பெக்கெட் பதிப்பித்து 1962 முதல் 1968 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த கடிதங்களைத் தேடி வரவழைத்துத் தந்த நூலகருக்கே என் முதல் நன்றி. ஓவியரின் நண்பர் சி. ஆர். லெஸ்லி 1843இல் வெளியிட்ட வாழ்க்கை வரலாற்றோடு நான் நின்றிருந்தால், அன்பு மிகுந்த நண்பர் கடுமை தணித்துக் காட்டிய கான்ஸ்டபிளை மட்டுமே அறிந்திருப்பேன்; பணக்கவலையும் சினமும் சட்டென்று புண்படும் மனமும் கொண்ட மனிதரை அந்தத் தொகுதிகளில்தான் சந்தித்தேன்.

ஜான் ஃபிஷர் என்னும் பாதிரியாருக்கு 1821 அக்டோபர் 23 அன்று அவர் எழுதிய கடிதம் என் நூலின் நடுநாயகம். வானம் என்பது பொருள்களுக்குப் பின்னால் விரித்த வெள்ளைத்துணி அன்று, காட்சியின் உணர்ச்சியைத் தாங்குவதே அதுதான் என்று வாதிடும் அவர், அதே கடிதத்தில் ஆலை மதகிலிருந்து நீர் பாயும் ஓசையையும் உளுத்த பலகைகளையும் பாசி பிடித்த கம்பங்களையும் நேசிப்பதாகச் சொல்கிறார். இதை நான் கருத்தாகப் புரிந்துகொண்டிருந்தேன். கண்ணால் காணச் செய்தவர் என் ஓவிய நண்பர். மேகத்தின் சாம்பல் நிறத்தைச் சற்று மாற்றினால் கீழேயுள்ள வயலின் பச்சையையும் மாற்றியே ஆகவேண்டும் என்பதை அவர் வண்ணம் குழைத்துக் காட்டிய பிறகே, லண்டனின் ஹாம்ஸ்டெட் பகுதியில் தீட்டிய மேகச் சித்திரங்களின் பின்புறம் கான்ஸ்டபிள் நாளையும் நேரத்தையும் காற்றின் போக்கையும் ஏன் குறித்து வைத்தார் என்பது எனக்கு விளங்கியது. அந்த மாலைகளுக்கு நான் என்றும் கடமைப்பட்டவன்.

பின்னாளில் மனைவியான மரியா பிக்னெலுக்குக் கான்ஸ்டபிள் எழுதிய கடிதங்களைச் சுருக்க எண்ணிய என்னைத் தடுத்தவர் என் ஆங்கிலப் பேராசிரியை. 1809இல் அரும்பிய காதல், பெண்ணின் பாட்டனாரான ஈஸ்ட் பெர்கோல்ட் ஊர்ப் பாதிரியாரின் எதிர்ப்பால், 1816 அக்டோபரில்தான், ஃபிஷர் நடத்திவைத்த திருமணத்தில் நிறைவேறியது. அந்தக் காத்திருப்பை அறியாமல், 1828இல் காசநோயால் மரியா மறைந்தபின் கான்ஸ்டபிள் எழுதியவற்றைப் படிக்கலாகாது என்று அம்மையார் சொன்னது முற்றிலும் சரி. அந்த இயல் இன்றுள்ள வடிவம் அவர் தந்தது.

மெய்ப்புப் பார்த்த இளம் நண்பர்களுக்கும், என் தாமதத்தைப் பொறுத்துக்கொண்ட பதிப்பாளருக்கும், கையெழுத்துப் படியை முழுவதும் வாசித்துக் கேட்ட என் அக்காவுக்கும் நெஞ்சார்ந்த நன்றி.