மகளுக்கு: புகைபோக்கியோடு நின்றுவிடாதே

வெள்ளவத்தை,
கொழும்பு 06.

அன்பு மகளுக்கு,

நிலக்கரியில் மெதனோல் செய்யும் ஆலைக்குக் காபனீரொட்சைட்டு உமிழ்வுக் கணக்கு எடுக்கப் போகிறாய் என்று எழுதியிருந்தாய். போனவுடன் கொதிகலன் புகைபோக்கியைத்தான் காட்டுவார்கள். நீ வாயுவைச் சுத்தம் செய்யும் பகுதிக்குப் போ.

நிலக்கரியை ஒட்சிசனும் நீராவியும் விட்டு வாயுவாக்கினால் காபனோரொட்சைட்டு கூடவும் ஐதரசன் குறைவாகவும் வரும். மெதனோலுக்கோ ஒன்றுக்கு இரண்டு பங்கு ஐதரசன் வேண்டும். 100 மூல் (மூலக்கூறுகளை எண்ணும் அலகு) காபனோரொட்சைட்டோடு 60 மூல் ஐதரசன் வருகிறதென்று வை. அந்த விகிதம் கிடைக்க, ஏறக்குறைய 47 மூல் காபனோரொட்சைட்டை நீராவியோடு தாக்கமுறவிட்டு, ஐதரசனை எடுத்துக்கொண்டு, காபனீரொட்சைட்டாக்க வேண்டும். கிட்டத்தட்டப் பாதிக் காபன் பொருளுக்குள் போகாமலே வெளியேறுகிறது, மகள். கடுங்குளிர் மெதனோலில் கழுவிப் பிரித்து அதைத் தனிக் குழாயால் விடுவார்கள். புகையுமில்லை, நிறமுமில்லை. ஆனால் புகைபோக்கி வாயுவைவிட அதில் காபனீரொட்சைட்டு எவ்வளவோ செறிவாக இருக்கும். பிடித்துச் சேமிப்பதென்றால் அங்கேதான் தொடங்க வேண்டும்.

அந்தக் குழாயில் மீற்றர் இல்லாவிட்டால் காபன் வரவு செலவு போடு. ஒரு தொன் மெதனோலில் 0.375 தொன் காபன் இருக்கிறது. அதற்கு 1.5 தொன் நிலக்கரி, 60% காபன் என்று பிடித்தால் வரவு 0.9. மிச்சம் 0.525, அதை 44/12 ஆல் பெருக்கினால் 1.925 தொன் காபனீரொட்சைட்டு. சாம்பலில் தங்கிய காபனைக் கழிக்க மறவாதே.

பிழை வருவது ஈரத்தில். அந்த 60% உலர்ந்த நிலக்கரிக்கு உரியதாகவும், தராசில் ஏறியது 15% ஈரத்தோடும் இருந்தால், வரவு 0.765 தான், விடை 1.43 ஆக இறங்கும். ஒரு தொன்னுக்கு அரைத் தொன் வித்தியாசம்! ஆய்வுகூடத் தாளில் உலர்ந்ததா ஈரத்தோடா, எந்த அடிப்படை என்று கேட்டு எழுதி வாங்கு. கொதிகலன் நிலக்கரியையும் வரவில் சேர்த்தால் புகைபோக்கியைத் திரும்பக் கூட்டாதே. வெளியிலிருந்து வாங்கும் மின்சாரம் தனிக் கணக்கு.

பக்கத்தில் யூரியா ஆலையும் இருந்தால் இன்னொரு கவனம். ஒரு தொன் யூரியா 0.733 தொன் காபனீரொட்சைட்டை உள்ளே எடுக்கும். ஆலைக் கணக்கில் அதைக் கழிக்கலாம், சேமித்ததென்று மட்டும் எழுதாதே. அந்தப் பசளை இங்கே வந்து, கிளிநொச்சி வயலில் அதை எறிந்தால், மண்ணிலுள்ள யூரியேசு நொதியம் சில நாட்களிலேயே அதை உடைத்து, காபனீரொட்சைட்டைத் திரும்ப வெளியே விட்டுவிடும். அந்தக் காபன் இங்கே நம் நாட்டின் விவசாயக் கணக்கில் ஏறும்.

நிலக்கரித் தாள் கையில் கிடைத்ததும் படமெடுத்து அனுப்பு, நானும் ஒருதரம் போட்டுப் பார்க்கிறேன். குளிருக்குள் தொப்பியில்லாமல் திரியாதே.

அன்புடன்,
அம்மா