எந்த ‘நீக்கு’?

மென்பொருள்களைத் தமிழாக்கும் தன்னார்வலர்களுக்கு,

வணக்கமுங்க. திருப்பூரில் ஒரு சின்ன பனியன் கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலையெல்லாம் என் தலையில். நீங்கள் காசு வாங்காமல் செய்யும் வேலையால்தான் எங்கள் சாம்பிள் பிரிவு அம்மிணிகள் தமிழிலேயே மெனு பார்த்து வேலை செய்கிறார்கள். அதை மறக்கவில்லை. ஆனால் ரிமூவ், டெலீட் இரண்டுக்கும் ‘நீக்கு’ என்றே போட்டு வைத்திருக்கிறீர்களே!

ஆர்டர் கொடுக்கும் பையருக்குக் காட்டும் ஆல்பத்தில் போன மாதம் வேறு ஆர்டரின் படங்கள் 40 கலந்துவிட்டன. “ஆல்பத்தில் இருந்து மட்டும் எடுத்துடுங்க” என்று ஒரு அம்மிணியிடம் சொன்னேன். மெனுவில் ‘நீக்கு’ இரண்டு இருந்தன, ஒன்றின் கீழ் ஒன்றாக. கீழே இருந்ததைத் தட்டினார். ‘நீக்கவா?’ என்றது; ‘ஆம்’ என்றார். படங்கள் அடியோடு போயின. சாம்பிளில் பாதி அதற்குள் கூரியரில் கிளம்பிவிட்டது. மீதியை ரேக்கில் இருந்து இறக்கி, டேப் வைத்து அளந்து, மறுபடி படமெடுக்க இரண்டு நாள். அவர் மேல் கோபப்பட எனக்கு வாயே வரவில்லை.

இதற்கு நேர்மாறாகவும் நடந்தது. வேலையை விட்டுப் போனவரை இன்னொரு செயலியில் ‘நீக்கு’ கொடுத்தோம். கணக்கே போய்விட்டது என்று நினைத்தால், குழுவில் இருந்து மட்டும்தான் எடுத்திருந்தது. அவருடைய லாகின் நாலு மாதம் உயிரோடு இருந்தது.

பனியன் தொழிலில் இந்தக் குழப்பம் கிடையாது. செக்கிங்கில் ஓட்டை தெரிந்தால் அந்த பீஸை லாட்டில் இருந்து எடுத்து வைப்பார்கள். அது செகண்ட்ஸாக எங்கள் ஊர் பனியன் சந்தையான காதர்பேட்டைக்குப் போய் விலையாகும். கட்டிங் வேஸ்ட் வேறு. அதைக் கிழித்துப் பஞ்சாக்கி நூற்றுவிட்டால், எந்தத் துணி என்று பெற்ற தாய்க்கும் தெரியாது. முன்னது ரிமூவ், பின்னது டெலீட்.

ஆங்கிலத்திலும் எல்லாம் ஒழுங்கு என்று சொல்ல வரவில்லை. யூனிக்ஸ் என்கிற இயங்குதளத்தில் கோப்பை அழிக்க ‘ஆர்எம்’ என்றுதான் அடிக்கிறோம், அது ரிமூவின் சுருக்கம். ஆனால் அந்தக் கட்டளை உள்ளே செய்வது கோப்புக்கு இருக்கும் பெயர்களில் ஒன்றை அவிழ்த்துவிடுவது மட்டுமே. கடைசிப் பெயரும் போய், அதைத் திறந்து வைத்திருக்கும் நிரல்களும் மூடிய பிறகுதான் டிஸ்க்கில் இடம் காலியாகும். யோசித்தால் வைத்த பெயர் பொருத்தம்தான்.

ரிமூவுக்கு ‘எடு’ போதும். ‘விலக்கு’ என்றால் மதுவிலக்குதான் ஞாபகம் வருகிறது. டெலீட்டுக்கு ‘அழி’ என்று தைரியமாகப் போடுங்கள். விளக்கை அணை என்று சொல்லவே தயங்கி, ‘குளிர வை’ என்கிற சனம் நாம். அழி என்றால் கை கூசும்தான். அந்த இடத்தில் கூசட்டும். அப்புறம், ‘நீக்கவா?’ என்று மொட்டையாகக் கேட்காமல், ‘ஆல்பத்தில் இருந்து மட்டும் எடுக்கிறோம், படம் அப்படியே இருக்கும்’ என்று ஒரு வரி சேருங்கள்.

அடுத்த பதிப்புக்கு முன்னால் சொற்களை எனக்கு அனுப்பினால், அந்த அம்மிணியையே உட்காரவைத்துத் தட்டிப் பார்க்கச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
திருப்பூரில் இருந்து ஒரு பயனர்